அர்ஜுன் டாங்கி 1/16: சஸ்பென்ஷன் முடிந்தது (புதுப்பிப்பு)

போன பதிவில் 1/16 அளவில் நான் செய்யும் அர்ஜுன் மாடலுக்கு முறுக்குக் கம்பி (அடித்தட்டுக்குக் குறுக்கே கிடந்து, முறுகிச் சக்கரத்தைத் தாங்கும் கம்பி) வைப்பதா, ஸ்பிரிங் வைப்பதா என்று கேட்டிருந்தேன். ஸ்பிரிங்தான் என்று முடிவெடுத்துவிட்டேன். ஆவடியில் செய்யப்படும் அசல் வண்டியில் இருப்பது வாயுவும் எண்ணெயும் சேர்ந்து இயங்கும் சஸ்பென்ஷன். அடித்தட்டுக்குக் குறுக்கே கம்பிகள் ஓடுவதில்லை. அதனால் மாடலிலும் பக்கத்துக்கு ஏழு சக்கரம், ஒவ்வொன்றுக்கும் தனிப் பித்தளைக் கை, தனி ஸ்பிரிங். கையின் அச்சில் கெட்டியான சிலிக்கான் கிரீஸ் தடவியதும் துள்ளல் அடங்கிவிட்டது. குறுக்கே ஒரு பென்சிலை வைத்து ஓட்டினால், சக்கரங்கள் ஒவ்வொன்றாக ஏறி இறங்குகின்றன, மேல்தட்டு அசைவதே இல்லை. பார்க்க அவ்வளவு அழகு!

உடல் முழுக்க ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட். அசல் அகலம் 3.86 மீட்டர் என்பதால் இங்கே 241 மில்லிமீட்டர். மோட்டார் இரண்டும் பின்பக்கம், ஏனென்றால் அசலிலும் சங்கிலிப் பட்டையை இழுக்கும் பல்சக்கரம் பின்னால்தான். இரண்டும் தனித்தனி வேகத்தில் சுற்றுவதால் நின்ற இடத்திலேயே திரும்புகிறது.

அடுத்தது டரட், அதாவது பீரங்கியோடு சுழலும் மேல்பகுதி. 120 மி.மீ. பீரங்கியின் துளை இந்த அளவில் 7.5 மி.மீ.; சரியான பித்தளைக் குழாய் கிடைத்துவிட்டது. உள்ளே புரிவரிகளையும் (அசல் குழலின் உட்சுவரில் சுருளாக ஓடும் பள்ளங்கள்) வெட்டத்தான் போகிறேன். மெல்லிய சுவருள்ள குழாயில் யாராவது செய்திருந்தால் வழி சொல்லுங்கள்.