மூடிய கல்குவாரியில் மரக்கன்று நிற்கவில்லை: மண் எவ்வளவு அடிப்பது, என்ன மரம் வைப்பது?

கரட்டுமேடு:
கரூர் மாவட்டம் க.பரமத்தி பக்கம் ஜல்லிக்கல் குவாரி, குத்தகை முடிந்துவிட்டது. குழிக்கு வெளியே ஒரு ஏக்கர் தளம் கிடக்கிறது. அடியில் பாறை, மேலே ஒரு சாண் உடைகல்லும் கிரஷர் தூளும் (கல் உடைக்கும்போது விழும் தூள்). ஓரத்தில் 20 அடி உயரக் கழிவு மேடு. ஐப்பசியில் வைத்த வேம்பும் புங்கனும் தை மாதத்துக்குள் பாதிக்குமேல் பட்டுப்போய்விட்டன. ஏக்கர் முழுக்கச் செம்மண் அடிக்கலாமா? தண்ணீர் டேங்கரில்தான்.

செம்மண்காடு:
முழுக்க அடிக்காதீர்கள். அரை அடி கனத்துக்கே 218 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) வேண்டும், இரண்டு யூனிட் டிப்பரில் 109 லோடு. அவ்வளவு மேல்மண்ணை எடுத்தால் இன்னொரு காடு மொட்டையாகும்.

கன்று பட்டதற்குக் காரணம் வறட்சி மட்டும் இல்லை. பாறையில் குடைந்த குழி தொட்டி மாதிரி. கார்த்திகை மழையில் தண்ணீர் வடியாமல் வேர் அழுகும், தை வெயிலில் அதே குழி காயும். குழியை நிரப்பிப் பாருங்கள். 24 மணி நேரத்தில் இறங்காவிட்டால் அங்கே குழிநடவு வேண்டாம்.

கழிவுக் கல்லையே வட்டமாக அடுக்கி, 4 அடி அகலம், 2 அடி உயரத்துக்குத் திட்டு கட்டுங்கள். ஒன்றுக்கு 25 கன அடி மண் பிடிக்கும். 100 திட்டுக்கு 25 யூனிட், அதாவது 13 லோடு. இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய தொழுவுரம். அடியில் கிடக்கும் கிரஷர் தூளை முதலில் வழித்துவிடுங்கள். நனைந்து காய்ந்தால் அது தளம் போட்டதுபோல் இறுகி, வேரையும் நீரையும் கீழே விடாது.

திட்டை எங்கே கட்டுவது என்பதுதான் முக்கியம். தண்ணீர் ஊற்றினால் சட்டென்று உள்ளே போகும் விரிசல் மேல் கட்டுங்கள். மரம் பிழைக்கப்போவது அந்த விரிசலில்தான், நாம் போடும் மண்ணில் அல்ல.

விதைப்பை:
மர வகையையும் மாற்றுங்கள். புங்கன் ஆற்றோரத்து மரம். பாறைக்கு ஆச்சா, உசில், வெள்வேல், வெப்பாலை. இடையில் விராலி, ஆவாரைப் புதர்கள். ஒன்றரை அடிக்கு மேல் வளர்ந்த கன்று வாங்காதீர்கள், பைக்குள் வேர் சுருண்டிருக்கும்.

உசில், ஆவாரை விதைக்குக் கொதித்து இறக்கிய வெந்நீரை ஊற்றி, ஆறவிட்டு ஒரு இரவு ஊறவையுங்கள். ஆச்சா புது விதைக்கு அது தேவையில்லை. ஆச்சா முதல் சில வருடம் மேலே காய்ந்து காய்ந்து துளிர்க்கும், ஆணிவேர் மட்டும் கீழே போய்க்கொண்டிருக்கும். பட்டுவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள்!

சரிவு:
கழிவு மேட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. டிப்பர் கொட்டிய சரிவில் விதை நிற்காது. ஒன்றுக்கு இரண்டு சரிவாக்குங்கள்: 20 அடி உயரத்துக்கு அடிவாரம் 40 அடி நீள வேண்டும். இடமில்லையென்றால் நடுவில் ஒரு படி வெட்டுங்கள். மேட்டுக்கு மேலே வரும் மழைநீரைத் திருப்ப ஒரு வாய்க்கால் அவசியம். அது இல்லாமல் செய்த வேலையெல்லாம் ஒரே மழையில் ஓடையாக அரித்துப்போகும்.

முதலில் புல்தான், மரம் பிறகு. கொழுக்கட்டைப்புல் ஏக்கருக்கு 2 கிலோ. விதை பஞ்சுபோல் ஒட்டிக்கொள்ளும், ஈரமணலில் கலந்து தூவுங்கள். அதன்மேல் தென்னைநார் வலை. உச்சியில் ஒரு அடி பள்ளம் தோண்டி வலையின் முனையைப் புதைத்து, கீழ்நோக்கி விரித்து முளைக்குச்சி அடிக்க வேண்டும்.

குத்தகைதாரர் கையிலுள்ள சுற்றுச்சூழல் அனுமதியையும் பாருங்கள். வேலை முடிந்த சுரங்க நிலத்தில் தீவனமும் செடிகொடியும் வளரும்படி புல் வளர்க்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்கும்படி 2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. செலவை நீங்கள் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்?

கரட்டுமேடு:
நன்றிங்க. சீக்கிரம் பச்சை வர சூபாபுல் (வேகமாக வளரும் தீவன மரம்) விதை தூவலாமா? தண்ணீர் எவ்வளவு?

விதைப்பை:
சூபாபுல் வேண்டவே வேண்டாம். சீமைக்கருவேலம் மாதிரி அதுவும் மற்றதை எழவிடாது. ஆடி, ஆவணியில் திட்டு கட்டி முடித்து, ஐப்பசி முதல் நல்ல மழைக்குப் பின் நடுங்கள். மாசி முதல் ஆனி வரை பத்து நாளுக்கு ஒருமுறை கன்றுக்கு 15 லிட்டர், 100 திட்டுக்கு 1,500 லிட்டர். திட்டு மேல் நான்கு விரல் கனம் சருகு போடுங்கள். முள்வேலி நடவுக்கு முன்பே முடியணும். ஆடு ஒரு தடவை நுனியைக் கடித்தால் அந்த வருட வளர்ச்சி போச்சு.