மறுமொழி: விரல் ரேகையை ‘டெவலப்’ செய்தல் – துலக்கல்

அன்புள்ள குழுவினருக்கு,

> லேட்டன்ட் பிரின்ட் – மறைந்த ரேகை. அதை டெவலப் செய்வது – ரேகை மேம்படுத்தல் எனலாமா?

லேட்டன்ட் பிரின்ட் என்பது விரல் பட்ட பொருளில் கண்ணுக்குத் தெரியாமல் பதிந்திருப்பது. அதற்கும் அதை டெவலப் செய்வதற்கும் சொன்ன இந்த இரண்டு தமிழ்ச் சொற்களிலும் எனக்கு உடன்பாடில்லை ஐயா. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதுதான் ஆபத்தானது. ஆய்வறிக்கையில் ‘மேம்படுத்திய ரேகை’ என்று எழுதினால், ஆய்வாளர் அதில் கைவைத்துவிட்டார் என்றே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாதிடுவார். நடப்பது அதுவல்ல. காகிதத்தைத் தொட்டால் வியர்வையின் நீர் ஆவியாகிவிடும். அமினோ அமிலங்கள் மட்டும் காகித இழைகளைப் பற்றிக்கொண்டு கிடக்கும். நின்ஹைட்ரின் என்ற வேதிப்பொருளின் கரைசலில் தோய்த்து உலர்த்தி, வெப்பமும் ஈரப்பதமும் உள்ள பெட்டியில் வைத்தால் கோடுகள் ஊதா நிறத்தில் எழும். பல ஆண்டுப் பழைய கடிதத்திலும் எழக்கூடும். அதே கடிதம் மழையில் நனைந்திருந்தால் அமினோ அமிலம் கரைந்து போயிருக்கும். கொழுப்பைத் தேடும் வேறு முறைக்குத்தான் போக வேண்டும். கண்ணாடி, பிளாஸ்டிக் என்றால் சூப்பர் குளூவின் ஆவி. தடத்தின்மேல் வெள்ளையாகப் படியும். எந்த முறையானாலும், ஏற்கெனவே இருப்பதைக் கண்ணுக்குக் காட்டுகிறோம், அவ்வளவே.

இதற்குத் ‘துலக்கல்’ இருக்கிறதே! துப்புத் துலக்குவது காவல்துறையில் பழகிய பேச்சு. நின்ஹைட்ரின் போன்றவை துலக்கிகள். படத்தைக் கணினியில் தெளிவாக்குவது தனி வேலை. ‘மேம்படுத்தல்’ அதற்கே இருக்கட்டும்.

அடுத்து, விரலில் இருப்பது ரேகை, பொருளில் விழுவது தடம். இந்தியக் காவல்துறையில் ‘சான்ஸ் பிரின்ட்’ என்பதும் சம்பவ இடத்தில் கிடைக்கும் தடத்தைத்தான். 1892-இல் அர்ஜென்டினாவில், தன் இரு பிள்ளைகளைக் கொன்ற பிரான்சிஸ்கா ரோஹாஸைக் காட்டிக்கொடுத்தது கதவில் இரத்தத்தால் பதிந்த பெருவிரல் தடம். அங்கே துலக்க எதுவுமில்லை, அது கண்ணுக்கே தெரியும் வெளித்தடம். மெழுகிலோ சோப்பிலோ அழுந்தியது குழித்தடம்.

கண்ணுக்குத் தெரியாததை ‘மறைந்த’ என்றால் அழிந்துபோனது என்றும் பொருள்படும். முந்தைய மடலில் குழுவின் அம்மையார் ஒருவர் இதற்குச் சொன்ன ‘உறைதடம்’ அழகான சொல். ஆனால் கையுறையின் தடமும் இத்துறையில் தனிச் சான்று, இரண்டும் குழம்பும். இலங்கைப் பாடநூல்களில் ‘லேட்டன்ட் ஹீட்’ என்பதற்கு ‘மறைவெப்பம்’ இருக்கிறது. அவ்வழியில் ‘மறைதடம்’ என்பேன். ஆக, ‘மறைதடம் துலக்கல்’.

பொடி தூவித் துலக்கிய தடத்தின்மேல் டேப்பை ஒட்டி எடுப்பதற்கு ‘ஒற்றியெடுத்தல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமான சொல் யாரிடமாவது இருக்கிறதா?

அன்புடன்