கொரோனா டைம்ல வாங்கவே ஆள் இல்ல, அப்புறம் ஏன் சாமான் விலை ஏறுச்சு?

வேலூர்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். நேத்து பீரோவ ஒழிக்கும்போது 2020, 2021 மளிகை சிட்டையெல்லாம் ரப்பர் பேண்டு போட்டு கட்டா கெடச்சுது. பிரிச்சுப் பாத்தா மனசு கனத்துப்போச்சு. லாக்டவுனுக்கு முன்னாடி சன்ஃப்ளவர் ஆயில் லிட்டர் 110க்கு வாங்கியிருக்கேன், 2021 மே மாச சிட்டைல அதே பாக்கெட் 170. அந்த டைம்ல எங்க வீட்டுக்காரருக்கு பாதி சம்பளம்தான், ரெண்டு மாசம் அதுவும் இல்ல. பையன் ப்ளஸ் டூ காமர்ஸ் படிக்கிறான், தேவை குறைஞ்சா விலை குறையும்னு அவன் புக்ல இருக்காம். ஊரே வருமானம் இல்லாம உக்காந்திருந்துச்சே, அப்ப விலை இறங்கித்தானே இருக்கணும்னு கேக்குறான், எனக்கு சொல்லத் தெரியல. தெரிஞ்சவங்க புரியற மாதிரி சொல்லுங்க.

மண்டிக்காரன்:
அக்கா நான் அப்ப கோயம்பேட்டுல ஒரு காய்கறி கமிஷன் கடைல கணக்கு எழுதிட்டிருந்தேன், நான் பாத்தத சொல்றேன். 2020 மே 5ஆம் தேதி மார்க்கெட்ட மூடிட்டாங்க, நாலஞ்சு நாள்ல திருமழிசைல தற்காலிகமா தொறந்தாங்க. அங்க தரை மண்ணு, ஒரு மழை பேஞ்சா சேறு, மூட்டைய வைக்க எடமில்ல. லோடு எறக்குற ஆளுங்க பாதிப்பேரு பயந்து ஊருக்குப் போயிட்டாங்க, இருக்கறவங்களுக்கு கூலி கூட குடுக்கணும். லாரிக்காரர் திரும்பிப்போக லோடு கெடைக்காதுன்னு ரெண்டு பக்க வாடகையும் கேப்பாரு. தக்காளி லேட்டா வந்து அடிப்பெட்டி நசுங்கியிருக்கும், அந்தக் கழிவையும் நல்ல தக்காளி மேலதான வச்சு விக்கணும். இவ்வளவும் சேந்துதான் உங்க தெருவுல வண்டிக்காரர் சொன்ன விலை. ஆனா அதே நேரத்துல வெளைவிச்சவரு பறிக்கிற கூலிக்கும் கட்டுப்படியாகலன்னு தோட்டத்துலயே விட்டுட்டாரு. எங்களுக்கு வழக்கமா சரக்கு போடுற ஒருத்தர் போன்ல அழுதத நான் கேட்டேன், இப்பவும் மறக்க முடியல. தோட்டத்துல விலை விழுந்துச்சு, தட்டுல ஏறுச்சு, நடுவுல இருந்த ரோடுதான் அறுந்துபோச்சு. கோயம்பேடு திரும்ப தொறக்க செப்டம்பர் 28 ஆச்சு.

எகனாமிக்ஸ்_வாத்தியார்:
தம்பி சொன்னதுதான் பாதி பதில். அம்மா, உங்க பையன் புக்கு தப்பில்ல, தேவை குறையுதுன்னு மட்டும் பாத்தா விலை இறங்கணும்தான். ஆனா அப்ப சப்ளையும் கூடவே படுத்துருச்சு, அதுவும் எல்லா சாமான்லயும் ஒரே மாதிரி இல்ல. சினிமா, ஓட்டல், பஸ், புது துணி இதுல தேவை போச்சு. அரிசி பருப்பு எண்ணெய்ல தேவை எங்க போகும், பசிக்கு லாக்டவுன் உண்டா?

எண்ணெய் கதைய தனியா சொல்லணும். நம்ம நாட்டுக்கு வேண்டிய சமையல் எண்ணெய்ல பாதிக்கு மேல இறக்குமதி. பாமாயில் இந்தோனேசியா, மலேசியால இருந்து, சன்ஃப்ளவர் பெரும்பாலும் உக்ரைன், ரஷ்யால இருந்து. மலேசியா பார்டர மூடினதும் பனைத்தோட்டத்துல குலை வெட்ட வர்ற வெளிநாட்டு தொழிலாளிங்க வரல, குலை மரத்துலயே நின்னுச்சு. பாமாயில் ஏறினா மத்த எண்ணெயும் பின்னாடியே ஏறும், ஏன்னா எல்லாரும் ஒண்ண விட்டு ஒண்ணுக்கு மாறுவாங்க. உங்க 110, 170க்கு பின்னாடி இருக்கறது அதுதான்.

இன்னொரு விஷயம். 2020 ஏப்ரல்-ஜூன்ல நாட்டோட ஜிடிபி 23.9 சதவீதம் விழுந்துச்சுன்னு மொதல் மதிப்பீடு வந்துச்சு. அதே வருஷம் அக்டோபர்ல சில்லறை பணவீக்கம், அதாவது கடை விலை முந்தின வருஷத்த விட ஏறின அளவு, 7.61 சதவீதம், காய்கறி மட்டும் 22 சதவீதத்துக்கு மேல. ரிசர்வ் வங்கிக்கு பணவீக்க இலக்கு 4 சதவீதம், மீறினா 6 வரைக்கும்தான். ரெப்போ வட்டிய, அதாவது ரிசர்வ் வங்கி மத்த பேங்குக்கு கடன் குடுக்கற வட்டிய, மே மாசமே 4 சதவீதத்துக்கு எறக்கிட்டாங்க, அதுக்கு மேல எறக்கினா விலை இன்னும் ஏறுமேன்னு கைய கட்டிக்கிட்டு நின்னாங்க.

சாதாரண_மனுஷன்:
இவ்வளவு எதுக்கு, பதுக்கல்தான் காரணம். எங்க ஊர்ல மாஸ்க் ஒரு வாரத்துல என்ன விலைக்குப் போச்சுன்னு கண்ணால பாத்தேன்.

எகனாமிக்ஸ்_வாத்தியார்:
மாஸ்க் விஷயத்துல நீங்க சொல்றது உண்மைதான் சார். அதனாலதான் 2020 மார்ச்ல அத அத்தியாவசியப் பொருள் பட்டியல்ல சேத்து, மூணு அடுக்கு மாஸ்க் 10 ரூபா, 200 மில்லி சானிடைசர் 100 ரூபான்னு உச்ச விலை வச்சாங்க. வெங்காயத்துக்கும் செப்டம்பர்ல ஏற்றுமதி தடை, அக்டோபர்ல இருப்பு வரம்பு வந்துச்சு. ஆனா நாடு முழுக்க ரெண்டு வருஷம் ஏறினத பதுக்கல் மட்டும் செய்ய முடியாது.

நாமக்கல்_லாரி:
டீசல யாரும் சொல்லலயே. 2020 ஏப்ரல் 20 அன்னிக்கு அமெரிக்காவுல கச்சா எண்ணெய் ஃப்யூச்சர்ஸ் விலை (பின்னாடி எடுக்கப்போற சரக்குக்கு முன்னாடியே பேசுற விலை) பூஜ்யத்துக்கும் கீழ போச்சு, எங்க ஸ்டாண்டுல எல்லாரும் இனிமே டீசல் கொறையும்னு சந்தோஷப்பட்டோம். ஆனா மார்ச்லயே 3 ரூபா வரி ஏத்தியிருந்தாங்க, மே மாசம் டீசலுக்கு இன்னும் 13 ரூபா, பெட்ரோலுக்கு 10. டீசல் மேல மத்திய கலால் வரி 15.83ல இருந்து 31.83 ஆச்சு, மாநிலமும் அதே வாரம் வாட் ஏத்துச்சு. கச்சா கொறைஞ்சதால அன்னிக்கு பங்க்ல தெரியல, ஜூன் 7ல இருந்து தெனம் தெனம் ஏறும்போதுதான் ஒறைச்சுது. அடுத்த வருஷம் ஜூலைல சென்னைல பெட்ரோல் 100 தாண்டுச்சு. அரசாங்கத்துக்கும் வருமானம் இல்ல, செலவு இருந்துச்சு, ஒத்துக்கறேன். ஆனா வண்டிக்கு டியூ கட்ட முடியாம நின்ன நேரத்துல அத எங்க தலைல வச்சது சரியில்ல, இத நான் எங்க வேணா சொல்லுவேன்.

வேலூர்_அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வாத்தியார் சார், ஒரு சந்தேகம். டிவில பணவீக்கம் 7, 6ன்னு சொல்றாங்க, என் சிட்டைல மொத்தம் அதுக்கு ரொம்ப மேல இருக்கே? அப்புறம் கொறைஞ்சுதுன்னும் சொன்னாங்க, எனக்கு எதுவும் கொறைஞ்ச மாதிரி இல்ல.

எகனாமிக்ஸ்_வாத்தியார்:
ரெண்டுமே நியாயமான கேள்விம்மா. அந்த எண்ணு ஒரு கூடைக்கு, அதாவது ஒரு சராசரி குடும்பம் வாங்குற எல்லா சாமானுக்கும் சேத்து போடுற கணக்கு. அப்ப இருந்த கூடை 2011-12 சர்வேய வச்சு கட்டினது, அதுல உணவு 46 சதவீதம்தான், மிச்சம் பஸ், டியூஷன், துணின்னு போகும். லாக்டவுன்ல நீங்க பஸ்ஸே ஏறல, கையில இருந்தது பூரா சாப்பாட்டுக்குத்தான் போச்சு, ஏறினதும் சாப்பாடுதான். அதனால உங்க வீட்டு பணவீக்கம் டிவில சொன்னத விட மேலதான் இருந்திருக்கும். போதாததுக்கு விலை கேக்கப் போற ஆளுங்களே கடைக்குப் போக முடியாம 2020 ஏப்ரல், மே ரெண்டு மாசத்துக்கும் அப்பப்ப முழு எண்ணு வெளியிடல, பின்னாடி கணக்குப் போட்டு நிரப்புனாங்க.

கொறைஞ்சுதுன்னு சொன்னது ஏறுற வேகம். 2021 அக்டோபர்ல பணவீக்கம் 4.48. அதாவது 2019 அக்டோபர்ல 100 ரூபாயா இருந்த கூடை 2020ல 107.61 ஆகி, அந்த 107.61 மேல இன்னொரு 4.48 சதவீதம் ஏறி 112 ரூபாய தாண்டிருச்சு. டிவில எண்ணு சின்னதாச்சு, கடைல 112 அப்படியே நிக்குது. பையன அந்த சிட்டைய எடுத்து மாசாமாசம் ஒரே பத்து சாமான மட்டும் எழுதி கூட்டச் சொல்லுங்க, அவன் புக்குல இருக்கற குறியீட்டெண் பாடமே அதுதான்.

வேலூர்_அம்மா:
இப்பவே நோட்டும் பேனாவும் எடுத்துட்டு உக்காந்துட்டான் சார். ரேஷன்ல வாங்கின 25 ரூபா பாமாயில கணக்குல சேக்கணுமா வேண்டாமான்னு கேக்குறான்.

எகனாமிக்ஸ்_வாத்தியார்:
தனி வரிசைல எழுதச் சொல்லுங்கம்மா. அது இல்லன்னா அந்த வருஷம் எவ்வளவு ஆகியிருக்கும்னு அவனே கண்டுபிடிக்கட்டும்.