பழைய ரெமிங்டன் 870 ஃபோரெண்ட் நட்டு கழட்டின அனுபவம், உங்களோடதும் சொல்லுங்க

பென்சில்வேனியால இருக்கேன், இங்க மான் வேட்டை சீசன் வந்துட்டா ஊரே காட்டுக்குள்ளதான் இருக்கும். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருத்தர், எண்பது தாண்டினவர், அவங்கப்பா வாங்கின ரெமிங்டன் 870 விங்மாஸ்டர், 12 கேஜ் வேட்டைத் துப்பாக்கி, பம்ப், அதாவது பேரலுக்கு அடியில முன்ன பின்ன இழுக்கற ஃபோரெண்ட்ங்கற மரப்பிடி, இழுத்தா சொரசொரன்னு பிடிக்குதுன்னு சொல்லிட்டே இருந்தார். கையில வாதம், அவரால கழட்ட முடியாது. நாம சேந்து பண்ணலாம் தாத்தான்னு சொல்லி அவர் கராஜுல உக்காந்தோம்.

முதல்ல தோட்டா இருக்கான்னு பாத்தோம், கண்ணால மட்டும் இல்ல, பேரலோட பின்பக்கம் தோட்டா உக்கார்ற சேம்பருக்குள்ள விரல விட்டும் பாத்து, மிச்சத் தோட்டா நிக்கற மேகசின் குழாயையும் பாத்து, தோட்டாப் பெட்டிய வீட்டுக்குள்ள வெச்சிட்டு வந்துதான் கைய வெச்சேன். இத யாரும் பழகிப்போச்சுன்னு விடாதீங்க.

பேரல் பக்கவாட்டுல, துப்பாக்கியோட நடு உடம்பான ரிசீவர் கிட்ட ரெண்டு சின்ன எழுத்து குத்தியிருக்கும், முதல் எழுத்து தயாரிச்ச மாசம். பிளாக்பவுடர்ங்கற இங்கிலீஷ் வார்த்தை கடைசியில எக்ஸ் சேத்தா பன்னெண்டு எழுத்து வரும், வரிசையா ஜனவரிலேர்ந்து டிசம்பர். தாத்தாவோடது கே, அதாவது மே மாசம். அத சொன்னதும் அவங்கப்பா அந்த வருஷம் இலையுதிர் காலத்துக்கு முன்னாடியே காசு சேத்து வாங்கினத பத்தி அரை மணி நேரம் பேசினார், நானும் ஸ்பேனரக் கீழ வெச்சிட்டு கேட்டுட்டே இருந்தேன்.

மேகசின் மூடிய கழட்டி பேரல உருவி, ரிசீவருக்குள்ள இடது பக்க லாட்ச அமுக்கினா ஃபோரெண்ட், சேம்பர மூடற போல்ட் எல்லாம் ஒண்ணா முன்னாடி வந்துடும், அதுல ஒரு கஷ்டமும் இல்ல. ஃபோரெண்ட் மரத்துக்கு முன்னாடி ஒரு வளைய நட்டு இருக்கு பாருங்க, ரெண்டு வெட்டுப்பள்ளம் இருக்கும், அதுதான் மரத்த உள்ள இருக்கற குழாயோட பிடிச்சு வெச்சிருக்கு. அது அசையவே இல்ல. ஒவ்வொரு சீசன் முடிஞ்சதும் மேல எண்ணெய் அடிச்சு அப்படியே பீரோல வெச்சிருக்காங்க, அது உள்ள இறங்கி பிசினா இறுகி, கூடவே துருவும் சேந்து மரையப் பிடிச்சிருக்கு.

மூக்குக் குறடு போட்டேன், ஒரே திருப்புல வழுக்கி பள்ளத்தோட ஓரத்துல ஒரு கோடு விழுந்துடுச்சு. மனசு கேக்கல. அங்கயே நிறுத்திட்டு அதுக்குன்னே விக்கற குழாய் மாதிரி ஸ்பேனர் ஆர்டர் பண்ணேன், அதோட ரெண்டு பல்லு பள்ளத்துல சரியா உக்காரும், வழுக்காது. அதுக்கும் மசியல.

இங்கதான் பெரும்பாலானவங்க அவசரப்படறாங்க. பின்னாடி ரெண்டு நீளப் பட்டை வருது இல்ல, ஆக்ஷன் பார், அத வைஸுல கடிக்க வெச்சு நட்டத் திருப்பினா பட்டை முறுக்கிக்கும், அப்புறம் பம்ப் ஜென்மத்துக்கும் சரியா ஓடாது. குழாயும் மெல்லிசு, வைஸ இறுக்கினா நசுங்கிடும். நான் குழாய்க்குள்ள இறுக்கமா உக்கார்ற மாதிரி ஒரு மரக்கட்டையச் செதுக்கி விட்டேன், வெளிய மரத்த ரப்பர் துணி சுத்தி தாத்தா பிடிச்சுக்கிட்டார், பட்டையத் தொடவே இல்ல.

எண்ணெய் க்ரோயில், இறுகின மரைக்குள்ள ஊடுருவிப் போற ரகம். பல்குச்சி முனையில தொட்டு நட்டு ஓரத்துல மட்டும் ஒரு சொட்டு, நட்டு கீழ்ப்பக்கம் வர்ற மாதிரி துணிமேல நிக்க வெச்சேன், இல்லன்னா எண்ணெய் மரத்துக்குள்ள இறங்கி கறுப்பாக்கி மெத்துனு ஆக்கிடும். மூணு நாள், தினம் காலையில ஒரு சொட்டு. நாலாம் நாள் எண்ணெயத் தொடச்சுட்டு, வெளிய காத்தாட உக்காந்து ஹேர் ட்ரையர்ல அஞ்சு நிமிஷம் சூடு காட்டினேன். நெருப்பு, டார்ச் கிட்டயே கொண்டு போகாதீங்க, மரத்துமேல இருக்கற பளபளப்பும் போய்டும், குழாயும் பட்டையும் சேர்ற ஒட்டுக்கும் நல்லதில்ல.

அப்புறம் கழட்டற பக்கம் இல்லாம முதல்ல இறுக்கற பக்கம் ஒரு நூல் அளவு அழுத்தம் குடுத்தேன், உடனே எதிர்ப்பக்கம். டிக்குனு ஒரு சத்தம். தாத்தா என் தோளப் பிடிச்சுக்கிட்டார்.

உள்ள தேன் நிறத்துல பிசின், சொரண்டினா பொடியா உதிருது. பல் தேய்க்கற பழைய பிரஷ், பெயிண்ட் கரைக்கற மினரல் ஸ்பிரிட், ரெண்டு மணி நேரம். திரும்ப மாட்டும்போது மரைல கிரீஸ் லேசா தடவினேன், அடுத்தவன் கழட்டணும் இல்ல.

மிச்சிகன்லேர்ந்து ஒரு பதில்:

அண்ணா படிக்கும்போதே வயிறு கலங்குது. எங்கிட்ட வின்செஸ்டர் மாடல் 12, அதாவது 1912ல வந்து 1964 வரைக்கும் ஓடின துப்பாக்கி, அதுலயும் ஃபோரெண்ட் முன்னாடி இதே மாதிரி வெட்டுப்பள்ள மூடிதான். நான் வாங்கறதுக்கு முன்னாடி யாரோ உளியும் சுத்தியும் வெச்சு தட்டியிருக்கான், ஒரு பள்ளம் பிஞ்சே போச்சு. மிச்சம் இருந்த ஒரு பள்ளத்த நம்பி ரெண்டு வாரம் எண்ணெய் விட்டேன். அசிடோனும் கியர் ஆயிலும் பாதிப்பாதி கலந்தேன், ஆட்டோமேடிக் கியருக்கு ஊத்தறாங்களே அந்த சிவப்பு எண்ணெய், நம்ம மெக்கானிக்குங்க சொல்லிக் குடுத்தது. கலந்தா பிரிஞ்சு நிக்கும், ஒவ்வொரு தடவையும் குலுக்கித்தான் தொடணும், அசிடோன் மரத்துமேல பட்டா பாலிஷ உரிச்சிடும். கழண்டுச்சு. ஆனா புது மூடி தேடி ஆறு மாசம் அலைஞ்சேன்.

முதல் பதிவு போட்டவர்:

தம்பி பாலிஷ் விஷயம் சொன்னது நல்லதாப் போச்சு, நான் அசிடோன் ஊத்தலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன்தான்.

நேத்து தாத்தா கிட்ட குடுத்துட்டேன். காலித் துப்பாக்கியத் தூக்கி ஒரு தடவ பம்ப் இழுத்தார், வழவழன்னு போய் வந்துச்சு, ரெண்டாவது தடவ இழுக்காம அப்படியே மடில வெச்சுக்கிட்டார். ஒண்ணு மட்டும் பாக்கி. மரத்தோட உள்பக்கம் நட்டு உக்கார்ற இடத்துல முடி அளவு ஒரு விரிசல் இருக்கு, அதுக்கு எபாக்ஸி பசை போடலாமா இல்ல எண்ணெய் ஊறின மரத்துல பிடிக்காதா, பண்ணிப் பாத்தவங்க சொல்லுங்க, சீசனுக்குள்ள முடிக்கணும்.