உலர்த்திப் பெட்டிக்கு எந்த எஸ்எஸ்ஆர்? ஹீட்டர் அணையவே மாட்டேன் என்கிறது

கேள்வி
முருங்கை இலை காயவைக்க ஒரு உலர்த்திப் பெட்டி கட்டியிருக்கிறேன். உள்ளே 3 கிலோவாட் ஃபின் ஹீட்டர், அரை எச்பி புளோயர், ஈரக் காற்று வெளியேறும் மூடியைத் திறக்க 24 வோல்ட் டிசி சோலனாய்டு (மின்சாரம் கொடுத்தால் இழுக்கும் காந்தச் சுருள்). ஹீட்டருக்கும் சோலனாய்டுக்கும் ஒரே மாதிரி 25 ஆம்பியர் எஸ்எஸ்ஆர் (சாலிட் ஸ்டேட் ரிலே, அசையும் பாகம் இல்லாத மின் சுவிட்ச்), இரண்டையும் பிளைவுட் பலகையில் திருகியிருந்தேன்.

சோலனாய்டு முதல் நாளிலிருந்தே ஒருமுறை இழுத்தால் விடுவதில்லை. மூன்றாம் நாள் 50 டிகிரியில் நிற்க வேண்டிய பெட்டி 85-க்குப் போய், இலை எல்லாம் டீத்தூள் நிறம். கன்ட்ரோலரில் அவுட் விளக்கு எரியவில்லை, ஹீட்டர் மட்டும் எரிகிறது. கடையில் கேட்டால் "ஜீரோ கிராஸிங் வேணுமா, ரேண்டம் வேணுமா, டிசி வேணுமா" என்கிறார்கள். எதை வாங்க?

பதில் 1
25 தாங்கவில்லை என்றால் 40 ஆம்பியர் போடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

பதில் 2
40 போட்டாலும் பிளைவுட்டில் திருகினால் அதே கதிதான். உங்கள் ஹீட்டர் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். எஸ்எஸ்ஆரில் ஒரு ஆம்பியருக்கு ஒரு வாட்டுக்கு மேல் சூடாக வெளியேறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது ஒரு சின்ன சோல்டரிங் அயர்னை பலகையில் ஒட்டி வைத்த மாதிரி. மேலே அச்சடித்த 25 என்பது நல்ல ஹீட் சிங்க்கில் (சூட்டை வெளியேற்றும் துடுப்புள்ள உலோகத் துண்டு) உட்கார்ந்தால் மட்டுமே. 40 ஆம்பியரே வாங்குங்கள், ஆனால் அலுமினிய ஹீட் சிங்க், நடுவில் மெல்லிசாக ஹீட் சிங்க் பேஸ்ட், துடுப்புகள் செங்குத்தாக நிற்கும்படி மாட்டுங்கள்.

வகை: ஹீட்டருக்கு ஜீரோ கிராஸிங். மின்னழுத்தம் பூஜ்யத்தைத் தொடும்போதுதான் அது ஆன் ஆகும். 50 ஹெர்ட்ஸில் அது 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை வரும், அந்தத் தாமதம் ஹீட்டருக்கு ஒரு பொருட்டே இல்லை. ரேடியோ இரைச்சலும் குறைவு.

சோலனாய்டு கதை வேறு. ஏசி எஸ்எஸ்ஆருக்குள் இருப்பது தைரிஸ்டர் அல்லது டிரையாக் என்ற செமிகண்டக்டர் சுவிட்ச். கரண்ட் பூஜ்யமானால்தான் அது அணையும். டிசியில் கரண்ட் பூஜ்யத்துக்கு வருவதே இல்லை, அதனால் பிடித்த பிடி விடாது. இதற்கு மாஸ்ஃபெட் (டிசியிலும் அணையக்கூடிய டிரான்சிஸ்டர்) உள்ள டிசி-டிசி வகைதான். காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு, வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம். மாற்றிப் போட்டால் ஷார்ட்.

பதில் 3
ரேண்டம் (பூஜ்யத்துக்குக் காத்திருக்காமல் உடனே ஆன் ஆகும் வகை) உங்களுக்கு வேண்டாம். டிரான்ஸ்பார்மர் மாதிரி சுருள் லோடுக்கும், ஃபேஸ் ஆங்கிள் கன்ட்ரோலுக்கும் (ஒவ்வொரு அலையிலும் ஒரு பகுதியை மட்டும் விட்டு பவரைக் குறைப்பது)தான் அது. டிரான்ஸ்பார்மரை வோல்டேஜ் பூஜ்யத்தில் ஆன் செய்தால்தான் இன்ரஷ் கரண்ட் (ஆன் செய்த நொடியில் பாயும் பெரிய கரண்ட்) மோசமாக இருக்கும் என்பது நிறைய பேருக்குத் தெரியாது.

இன்னொன்று. எஸ்எஸ்ஆர் செத்தால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும், உங்களுக்கு நடந்தது அதுதான். ஹீட்டர் லைனில் ஒரு கான்டாக்டரை (பெரிய ரிலே) சீரிஸில் போட்டு, அதன் காயிலை 70 டிகிரியில் வெட்டும் தனி தெர்மோஸ்டாட் வழியாகவும், புளோயர் ஓடினால் மட்டும் மூடும் ஏர்ஃப்ளோ சுவிட்ச் வழியாகவும் எடுங்கள். வெட்டினால் தானாகத் திரும்பாத, கையால் ரீசெட் செய்யும் தெர்மோஸ்டாட்டாகப் பாருங்கள். புளோயருக்கு எஸ்எஸ்ஆரே வேண்டாம், தொடர்ந்து ஓடட்டும்.

கேள்வி கேட்டவர்
சொன்னபடி மாற்றிவிட்டேன். நாலு மணி நேரம் ஓடிய பிறகும் ஹீட் சிங்க்கில் கை வைக்க முடிகிறது. சோலனாய்டு டக்கென்று விடுகிறது. ஒரே சந்தேகம்: ஹீட்டர் ஒயரைக் கழற்றி, எஸ்எஸ்ஆர் ஆஃபில் இருக்கும்போது டெஸ்டர் வைத்தால் விளக்கு எரிகிறது. இதுவும் போச்சா?

பதில் 2
போகவில்லை. உள்ளே இருக்கும் ஸ்னப்பர் (மின்னழுத்தத் துள்ளலை அடக்கும் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர்) வழியாக சில மில்லிஆம்பியர் கசியும், டெஸ்டருக்கு அது போதும். ஹீட்டரை மாட்டி மல்டிமீட்டரில் பாருங்கள், கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். ஆனால் ஆஃபில்தானே இருக்கிறது என்று ஒயரைத் தொடாதீர்கள், எம்சிபியை இறக்கிவிட்டுத் தொடுங்கள்.