பிளக்-இன் ஹைபிரிட் காரில் கால் பழக்கமும் வேகக் கட்டுப்பாடும்: சுவிசுக்குப் புதிதாக வந்திருக்கும் மட்டக்களப்பு, அம்பாறை உறவுகளுக்கு

களுவாஞ்சிகுடியிலிருந்து வந்து பேர்ணில் குடியேறியிருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: பற்றரியில் மின்னேற்றம் நிறைய இருக்கும்போதே, நெடுஞ்சாலையில் ஏறுகையில் பெற்றோல் எஞ்சின் தானாக இயங்கத் தொடங்குகிறதே, வாங்கிய பிளக்-இன் ஹைபிரிட் காரில் (செருகி மின்னேற்றும் பற்றரியும் மோட்டாரும், கூடவே பெற்றோல் எஞ்சினும் உள்ள கார்) ஏதும் பழுதா? பழுதில்லை, தம்பி. உங்கள் வலது கால் கேட்ட வலுவை மோட்டாரால் மட்டும் கொடுக்க முடியாமல் போனதால் கார் எஞ்சினையும் துணைக்கு அழைத்திருக்கிறது. இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுவது புதிதாக வந்த மற்றவர்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

ஊரில் அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களை ஓடியவர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கும். அவற்றின் பற்றரி ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரமே கொள்ளுமளவுக்குச் சிறியது என்பதால், எஞ்சின் அடிக்கடி இயங்குவதும் நிற்பதும் இயல்பாகி, ஓடுபவர் அதைக் கவனிப்பதையே விட்டுவிடுவார். பிளக்-இன் காரின் பற்றரி அதைவிடப் பல மடங்கு பெரியது. முந்தைய தலைமுறை டொயோட்டா ராவ்4 பிளக்-இன் காரில் 18.1 யூனிட் கொள்ளும். பெடலை மிதிக்கும்போது நீங்கள் கேட்பது ஒரு வலுவின் அளவை மட்டுமே; அதை மோட்டாரிடமிருந்து எடுப்பதா, எஞ்சினிடமிருந்து எடுப்பதா, இரண்டையும் சேர்ப்பதா என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. டொயோட்டாவில் வேகமானிக்குப் பக்கத்தில் சார்ஜ், எக்கோ, பவர் என்று பிரிக்கப்பட்ட ஒரு மானி இருக்கும். மற்ற நிறுவனங்களின் கார்களிலும் இதையொத்த ஒன்று இருக்கும். முதல் சில வாரங்களுக்கு அந்த முள்ளைப் பார்த்து, எந்த அழுத்தத்தில் எஞ்சின் விழிக்கிறது என்பதைக் கால் தானே அறியும்வரை பழகுங்கள். மோட்டாரின் இழுவிசை நின்ற நிலையிலிருந்தே முழுமையாகக் கிடைப்பதால், பழைய பெற்றோல் காருக்குக் கொடுத்த அழுத்தத்தில் பாதியே நகருக்குள் போதுமானது.

நெடுஞ்சாலையில் நுழையும் பாதையில் மட்டும் இந்தச் சிக்கனத்தைக் கைவிடுங்கள். அங்கே 120 கிலோமீற்றர் வேகத்தில் வருபவர்களுக்கிடையில் சேர வேண்டியிருப்பதால், எஞ்சின் விழித்துவிடுமே என்று தயங்கி 70 கிலோமீற்றரில் ஊர்ந்து நுழைவது உங்களுக்கும் பின்னால் வருபவருக்கும் ஆபத்து. அழுத்தி மிதித்து, உரிய வேகத்தை எட்டிய பின்னர் நுழையுங்கள். குளிர்ந்து கிடக்கும் எஞ்சினை ஒரேயடியாக முழு வலுவுக்கு எழுப்புவது அதற்கு நல்லதல்ல. ஆகவே, நுழைவுப் பாதைக்குச் சில கிலோமீற்றர் முன்னதாகவே ஹைபிரிட் நிலைக்கு மாற்றி அதைச் சூடேற விடுவது நல்ல வழி. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப உயர்வதால், 80இல் இருப்பதைவிட 120இல் அது இரண்டேகால் மடங்காகிறது. நீண்ட நெடுஞ்சாலைப் பயணத்தில் பெற்றோலை எரித்து, மின்சாரத்தை நகருக்கென்று ஒதுக்கி வைப்பதே இலாபம். எஞ்சினால் பற்றரியை நிரப்பும் பொத்தான் சில கார்களில் உண்டு. அது அநேகமாகப் பெற்றோலை வீணாக்கும் வழி.

நகருக்குள் வேறொரு சிக்கல். கல்முனை வீதியில் மோட்டார் சைக்கிளோ பழைய கொரோலாவோ ஓடியவர் எஞ்சினின் இரைச்சலைக் கொண்டே வேகத்தை மதிப்பிடுவார். மின்னில் ஓடும் காரில் அந்த இரைச்சல் இல்லை. 30 என்று எழுதிய பகுதியில் 42 போவதைக் காது சொல்லாது. குடியிருப்புப் பகுதிக்குள் அளவீட்டுச் சலுகையை (அளக்கும் கருவியின் பிழைக்காக விடுவதை) கழித்த பின்னும் 5 கிலோமீற்றர் வரை கூடியிருந்தால் 40 பிராங்க், 10 வரை 120, 15 வரை 250 என்று தண்டம் ஏறும். 21 கிலோமீற்றர் கூடினால் குறைந்தது 1 மாதம் அனுமதிப்பத்திரத்தைப் பறிகொடுக்க நேரும். காரில் வேக வரம்புப் பொத்தான் இருந்தால் அதை 30க்கோ 50க்கோ வைத்துவிடுங்கள். இதைச் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

வேகத்தைக் குறைப்பதில்தான் இந்தக் காரின் அருமை இருக்கிறது. பெடலிலிருந்து காலைத் தளர்த்தியவுடன் மோட்டார் மின் பிறப்பாக்கியாக மாறி, காரின் ஓட்டத்தைப் பற்றரிக்குத் திருப்பி அனுப்புகிறது. மிற்சுபிசி அவுட்லாண்டரில் ஸ்டியரிங்குக்குப் பின்னாலுள்ள இரண்டு துடுப்புகளால் பி0 முதல் பி5 வரை இந்தத் தடுப்பைக் கூட்டிக் குறைக்கலாம். சில டொயோட்டா கார்களில் கியர் நெம்புகோலில் இதற்கென்றே பி நிலை உண்டு. ஆயினும் மீட்கும் மின்சாரத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு பகுதி இழப்பாகப் போவதால், முன்னால் சிவப்பு விளக்கு தெரியும்போதே காலைத் தளர்த்தி மெல்ல உருண்டு செல்வது, வேகமாகப் போய் வலுவாக மீட்பதைவிடச் சிக்கனமானது. இன்னொன்றும் உண்டு: ஐரோப்பாவில் பின்பற்றப்படும் விதிப்படி, காலைத் தளர்த்துவதால் ஏற்படும் வேகத் தணிவு விநாடிக்கு விநாடி 1.3 மீற்றரைத் தாண்டினால் பிறேக் விளக்கு எரிந்தே ஆக வேண்டும், 0.7க்குக் கீழே எரியக் கூடாது. இடைப்பட்ட நிலையில் எரிவதும் எரியாததும் காரைப் பொறுத்தது. பின்னால் ஒருவர் நெருங்கி வந்தால் பிறேக்கை மெல்லத் தொட்டு விளக்கை எரிய விடுங்கள்.

மலைப் பாதையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் வாவியும் வயலுமாகத் தட்டையான நிலம். கல்லடிப் பாலத்தில் ஏறுவதைத் தவிர ஏற்றம் என்று சொல்ல அதிகமில்லை. ஆனால் மட்டக்களப்பிலிருந்து மகாஓயா, மகியங்கனை வழியாகக் கண்டி பஸ்ஸில் போனவர்கள் பதினெட்டு வளைவை மறந்திருக்க மாட்டீர்கள். திரும்பி இறங்கும்போது சாரதி சிறிய கியரைப் போட்டு எஞ்சினையே தடையாக்கி இறக்குவார். பிறேக்கை விடாமல் மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். இங்கே கொத்தார்ட் கணவாயின் 2,106 மீற்றரிலிருந்து அயிரோலோவுக்கு இறங்குகையில் ஏறத்தாழ 930 மீற்றர் கீழே வருகிறீர்கள். 1,800 கிலோ எடையுள்ள கார் 1,000 மீற்றர் இறங்கினால் விடுபடும் ஆற்றல் கிட்டத்தட்ட 5 யூனிட். காற்றும் ரயரும் மாற்ற இழப்பும் எடுத்தது போக மிஞ்சியது பற்றரிக்குப் போக வேண்டும். அங்கே இடம் இருக்க வேண்டுமல்லவா? மலையுச்சி விடுதியில் இலவசமாக மின்னேற்றம் கிடைக்கிறதென்று நூறு வீதமும் நிரப்பிக்கொண்டு இறங்கினால், கார் மின்னை மீட்பதைக் குறைத்துவிடும். பல கார்கள் எஞ்சினைப் பெற்றோல் இல்லாமலே சுழற்றி வேகத்தைத் தடுக்கும். அப்போது எழும் பேரிரைச்சலைக் கேட்டுப் பதறிக் காரை ஓரங்கட்டத் தேவையில்லை. பற்றரியில் இடம் வைத்துக்கொண்டு இறங்குங்கள். இறக்கம் தொடங்குமுன்னே பி நிலைக்கோ வலுவான துடுப்பு நிலைக்கோ மாற்றுங்கள். பிறேக் பெடலை வளைவுக்கு முன் சற்று நேரம் அழுத்தி முழுதாக விடுங்கள். வேகத்தை ஒரே நிலையில் வைக்கும் குரூஸ் பொத்தானைச் செங்குத்தான வளைவுப் பாதையில் நம்ப வேண்டாம்.

பனிக்காலத்தில் இதற்கு நேர்மாறாக, மீட்பின் அளவைக் குறைத்து வையுங்கள். முன் சில்லுகளில் மட்டும் மோட்டார் உள்ள கார், உறைந்த வீதியில் காலைச் சட்டென்று எடுத்ததும் அச்சில்லுகளை வழுக்க விடக்கூடும். குளிர்ந்த பற்றரி மின்னை அவ்வளவாக ஏற்காது என்பதால், நேற்று நின்ற தூரத்தில் இன்று நிற்கும் என்று கணக்கிடாதீர்கள். உப்புத் தூவிய வீதிகளில் ஓடும்போது, அரிதாகவே பயன்படும் பிறேக் தட்டுகளில் துரு ஏறும்; ஆளில்லாத நேரான வீதியில் அவ்வப்போது உறுதியாகப் பிறேக் பிடித்து அதைத் தேய்த்துவிடுவது நல்லது.

அக்கரைப்பற்றிலிருந்து வந்து சூரிச்சில் இருக்கும் தங்கை, இலங்கை அனுமதிப்பத்திரத்தை மாற்றுவதற்கான சோதனை ஓட்டத்துக்கு இந்தக் காரையே கொண்டுபோகலாமா என்று கேட்கிறார். நன்றாகப் பழகிய கார் என்றால் தாராளமாகக் கொண்டுபோகலாம். வந்த 12 மாதத்துக்குள் மாற்ற வேண்டிய அந்த ஓட்டத்தை இரண்டாம் முறை செய்ய விடமாட்டார்கள்; தவறினால் பழகுநர் அனுமதியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஆகவே துடுப்பு விளையாட்டெல்லாம் அன்றைக்கு வேண்டாம், வழமையான டி நிலையே போதும். 30 பகுதிகளில் பெரும்பாலும் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. ஒவ்வொரு சிறு சந்திக்கு முன்னும் காலைத் தளர்த்தி, பிறேக்கின்மேல் வைத்து, வலப்பக்கம் தலையைத் திருப்பிப் பாருங்கள், தங்கை. கார் தானே வேகம் குறைகிறதென்று வேகப் பெடலுக்கு மேலேயே காலைத் தூக்கி வைத்திருப்பதைப் பரிசோதகர் ஆயத்தமின்மையாக எடுத்துக்கொள்ளக் கூடும். அதற்கு முன் ஒரு ஓட்டுநர் ஆசிரியருடன் இரண்டொரு மணித்தியாலம், பரிசோதனை நடக்கும் பகுதியிலேயே, உங்கள் காரில் ஓடிப் பாருங்கள்.