நீரை மேலேற்றும் சைலமும் சர்க்கரையைக் கடத்தும் ஃபுளோயமும் சேர்ந்த கற்றைகளை நுண்ணோக்கியில் பார்க்க, தண்டையும் இலையையும் வெட்டிப் பார்த்தவர்களின் அனுபவப் பகிர்வு

சூரியகாந்தி:
இளம் சூரியகாந்திச் செடியில் நுனியிலிருந்து மூன்றாவது, நான்காவது கணுவிடையை (இரண்டு கணுக்களுக்கு இடைப்பட்ட தண்டு) எடுங்கள். அதற்குக் கீழே போகப்போக கேம்பியம் (புது சைலத்தையும் ஃபுளோயத்தையும் உண்டாக்கும் செல் அடுக்கு) முழு வளையமாகச் சேர்ந்துவிடும், கற்றைகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பது சிரமம். பிளேடு புதிதாக இருக்கணும், பிளேடும் தண்டும் நனைந்திருக்கணும். ரம்பம் போல முன்னும் பின்னும் அறுக்காமல், உங்கள் பக்கமாக ஒரே சாய்வான இழுப்பு. 20 சீவினால் இரண்டு மூன்று தேறும். முழு வட்டத்துக்கு அடம்பிடிக்க வேண்டாம், மெல்லிய கால் வட்டமே போதும். 1% சஃப்ரனின் என்ற சிவப்புச் சாயத்தில் 2 நிமிடம் போட்டு, தண்ணீரில் அலசி, ஒரு சொட்டு கிளிசரினில் வையுங்கள். உள்பக்கம் சைலமும், கற்றையின் வெளி நுனியில் தொப்பி போன்ற ஸ்கிளிரென்கைமாவும் (தண்டைத் தாங்கும் கெட்டியான திசு) நன்றாகச் சிவக்கும். இடையில் வெளிறிக் கிடப்பது ஃபுளோயம். எல்லாமே ஒரே சிவப்பாக இருந்தால் இன்னும் அலசணும்.

சோளத்தட்டை:
மக்காச்சோளத் தண்டின் ஓரம் கெட்டி, நடு பஞ்சு. பிளேடு சீக்கிரம் மழுங்கும், அப்புறம் நடுப்பகுதி பிய்ந்து கற்றைகள் நூல் நூலாகத் தொங்கும். ஓரத்தில் சின்னக் கற்றைகள் நெருக்கமாகவும், உள்ளே பெரியவை தள்ளித் தள்ளியும் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு முகம்தான்: இரண்டு பெரிய மெட்டாசைலக் (பிந்தி உருவாகும் சைலம்) குழாய்கள் கண்கள், நெற்றியில் ஃபுளோயம், வாய் இருக்கும் இடத்தில் ஓர் ஓட்டை. அந்த ஓட்டையைப் பார்த்து வெட்டு சரியில்லை என்று தூக்கிப் போடுகிறவர்கள் அதிகம். முதலில் உருவான புரோட்டோசைலம், தண்டு நீளும்போது இழுபட்டுக் கிழிவதால் வரும் இடைவெளி அது. வாய் எப்போதும் தண்டின் மையத்தையே நோக்கும், ஆகவே பாடநூல்கள் சொல்லும் ‘சிதறிய கற்றைகள்’ என்பதை ஒழுங்கற்றவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பூசணிக்கொடி:
சூரியகாந்திக்கு அடுத்து பூசணித் தண்டைப் பார்த்தால் குழப்பம் வரும். சைலத்துக்கு வெளியே ஒரு ஃபுளோயம், உள்ளே இன்னொன்று. ஐந்து முனைத் தண்டில் இரண்டு வளையமாக 10 கற்றைகள், நடுவே வெற்றிடம். வெட்டியதும் வடிகிற சாறு நொடியில் கூழாகிப் பார்வையை மறைக்கும், அதனால் துண்டை உடனே தண்ணீரில் போடுங்கள். சல்லடைத் தட்டு (ஃபுளோயக் குழாயின் செல்களுக்கு இடையே உள்ள துளைகள் கொண்ட சுவர்) பார்க்க இதைவிட நல்ல தண்டு எளிதில் கிடைக்காது.

நடுநரம்பு:
இலையைக் கையில் பிடித்துச் சீவ முடியாது, மடங்கும். கேரட் துண்டில் கீறல் போட்டு, நடுநரம்புப் பட்டையைச் செருகி, இரண்டையும் சேர்த்துச் சீவுங்கள். இலையில் சைலம் மேல்பக்கம், ஃபுளோயம் கீழ்பக்கம். இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை: தண்டில் உள்பக்கம் சைலம் இருக்கிற கற்றை, அப்படியே வெளியே வளைந்து இலைக்குள் போகிறது. இலையைத் தண்டோடு சேர்த்து மேல்நோக்கி மடித்துப் பாருங்கள், இலையின் மேல்பக்கம்தான் தண்டின் மையத்தைப் பார்க்கும். மக்காச்சோள இலையில் பாலிசேடு அடுக்கு (மற்ற பல இலைகளில் மேல்தோலுக்கு அடியில் நெருங்கி நிற்கும் நீள் செல்கள்) கிடையாது, மேல் எது என்று திணறினால் வீங்கிய புல்லிஃபார்ம் செல்களைத் தேடுங்கள், அவை இருப்பது மேல்தோலில்.

பதியக்காரர்:
நுண்ணோக்கி இல்லாமலும் இதெல்லாம் தெரியும். கொய்யா, மாதுளைக் கிளையில் 2 முதல் 3 செ.மீ. அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்துப் பதியம் கட்டினால் இலை வாடுவதில்லை, ஏனென்றால் சைலம் கட்டையில் இருக்கிறது. ஃபுளோயம் பட்டையோடு போய்விடுவதால் மேலிருந்து வரும் சர்க்கரை வளையத்தின் மேல் விளிம்பில் தேங்கும், வேரும் அங்கேதான் விடும். பட்டை போனபின் கட்டைமேல் வழவழவென்று இருப்பதைக் கத்தியால் சுரண்டணும். விட்டால் மிச்சமுள்ள கேம்பியம் புதுப் பட்டை போட்டு வளையத்தை மூடிவிடும், வேர் வராது. தென்னைக்கு இந்த வேலை ஆகாது. கற்றைகள் மரம் முழுக்கப் பரவியிருப்பதால் உரிக்க ஒரு பட்டையே இல்லை, கேம்பியமும் இல்லை. ஏறுவதற்கு மரத்தில் வெட்டிய படிகள் கடைசிவரை மூடாமல் நிற்பதும் அதனால்தான்.